காய் விட்ட மூன்றாம் நாள்

கூடாரத்துக்குள் பாதி குடித்த பால் டின்.
அவ்வளவுதான் சண்டை.
ரினாத்தின் தூக்கப்பைக்குப் பக்கத்தில்
மூடியைச் செவிபோல் நிமிர்த்திக்கொண்டு
இனித்துக்கொண்டிருந்தது.

நான் கத்தினேன்.
அடுப்பு நூறு எட்டுக்கு அப்பால்,
காற்று இறங்கும் பக்கம்.
பற்பசைகூட இரும்புப் பீப்பாய்க்குள்.
மீன் அறுத்த சட்டையோடு எவரும் படுக்கக் கூடாது.
எல்லாம் உன் கையெழுத்தில்தானே ஒட்டியிருக்கிறது?
அவன் என் அம்மாவை இழுத்தான்.
காய்.

கம்சத்காவில் ஜூலைக் கடைசி.
ஆறு முழுக்கச் சிவந்த சால்மன்.
ஏறி வருவதை எண்ணி எழுதுவது எங்கள் வேலை.
ஹெலிகாப்டர் வர இன்னும் பதினோரு நாள்,
அதுவரை
எனக்கு அவன், அவனுக்கு நான்,
எங்கள் இருவருக்கும் கரடிகள்.

உப்பு வேண்டுமென்றால் உப்பைப் பார்ப்பான்.
நான் அதை நகர்த்துவேன், அவன் பக்கம் அல்ல,
நடுவில்.
இரவில் மின்வேலிப் பெட்டி மட்டும்
டிக், டிக் என்று
இருவருக்குமாகப் பேசும்.
ஆனாலும் விடியும்போது
என் பூட்ஸுக்குள் சிவப்புத் தீக்குச்சிக் குழல் நின்றிருக்கும்,
ஈரம் துடைத்து, மூடி சரிபார்த்து.
வைத்தது யாரென்று நானும் கேட்கவில்லை.

ஆற்று வளைவுக்குக் குள்ளப் பைன் புதருக்குள் போக வேண்டும்.
கரடிகள் போட்ட பாதை அது.
முன்னால் போன கரடி மிதித்த குழியிலேயே
அடுத்ததும் மிதித்து மிதித்து
பாசியில் கிண்ணம் கிண்ணமாகப் பள்ளம்.
நாங்களும் அதில்தான் கால் வைப்போம்.
உள்ளே போனால் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.
மணி போதாது, ஆறு அதை விழுங்கிவிடும்.
திடீரென்று முன்னால் போய் நிற்பதைத்தான்
கரடி மன்னிப்பதில்லை.

முதல் நாள் வாணலியைத் தட்டினான்.
இரண்டாம் நாள் வாணலியின் காது கழன்றது.
மூன்றாம் நாள் பனிமூட்டம்.
பைன் கிளை முகத்தில் அடித்தது.
எதிரே புதிதாக ஒரு சாணக் குவியல்,
ஆவி பறந்தது.

"ஆயிரத்து இருநூற்றுப் பதினேழு!" என்றேன் உரக்க,
நேற்றைய கணக்கை, காட்டைப் பார்த்து.
"பதினெட்டு!"
"பதினேழு!"
"பதினெட்டு! ஒன்று கல்லுக்குப் பின்னால் இருந்தது!"
"உனக்கு மட்டும் தெரிந்த கல்லா?"
"உன் அம்மாவைச் சொன்னது தப்பு!"
"என்ன?"
"தப்பு!"
மன்னிப்பை முணுமுணுக்க முடியாத இடம் அது.
பள்ளத்தாக்கு முழுவதற்கும் கேட்கச் சொன்னான்,
மறுகரை திருப்பிச் சொன்னது.

அப்போது எழுந்தது
இருபது எட்டில்,
பழுப்பாக, நனைந்து,
எங்களைப் படிக்க மூக்கை உயர்த்தி.
ஓடவில்லை. ஓடுகிறவன் இரை.
தோளோடு தோள் ஒட்டினோம்,
இருவரும் ஒரே பெரிய விலங்காகத் தெரியட்டும் என்று.
என் கட்டைவிரல் குழலின் மூடியில்.
இனி மெதுவாகப் பேச வேண்டும், அதுவும் விதி.
"போய்விடுகிறோம், பெரியவரே," என்றான் ரினாத்,
எனக்கு மட்டுமே வாய்த்திருந்த குரலில்.
"பால் டின்னைக் கழுவிப் பீப்பாயில் போட்டாயிற்று.
நீங்கள் சாப்பிடுங்கள்."
ஒரு அடி பின்னால். இன்னொரு அடி.

அதன் வாயெல்லாம் நீலம்,
நாடியில் ஒட்டிய ஓர் இலை.
நான்கு காலுக்கு இறங்கி
முதுகைக் காட்டிப் போனது.
முதலில் பழம் விட்டது
அதுதான்.

சுற்றிக்கொண்டு போனோம்.
கூழாங்கல் கரையில் மூட்டம் விலகிவிட்டது,
அரை மைல் தூரம் வெட்டவெளி.
இங்கே பேச வேண்டுமென்று விதி இல்லை.
என் முழங்கால் அப்போதுதான் நடுங்கத் தொடங்கியது,
நோட்டை அதன்மேல் வைத்துத் திறந்தேன்.

"பதினெட்டு," என்றான்.

1217-ஐ அடிக்கவில்லை.
ஓரத்தில், பென்சிலால்,
18 என்று எழுதி
ஒரு கேள்விக்குறி போட்டேன்.